முடிவு தெரியாததை வாசிக்காதே

எங்கள் சந்தி பஸ் ஸ்டாண்டுக்குப் புதுக் கூரை போட்டிருக்கிறார்கள். அதற்கொரு திறப்பு விழா, திறப்பு விழாவுக்கு ஒரு மலர், மலருக்குப் பழைய ஆட்களிடம் கட்டுரை. மலர்க் குழுவிலிருந்து வந்த இருவரும் கதிரையில் உட்காருவதற்கு முன்பே தலைப்பைச் சொல்லிவிட்டார்கள். “ஒலிபெருக்கியோடு என் இனிய நினைவுகள் எண்டு எழுதுங்கக்கா.” இனிய நினைவுகள் வேண்டுமென்றால் பக்கத்துக் கூல்பார்க்காரரிடம் போயிருக்க வேண்டும். அவர் அந்தச் சந்தியில் ஐஸ்கிரீம் விற்றவர். நான் பாதி நாள் மரண அறிவித்தல் வாசித்தவள்.

இப்போது அங்கே பேசுவது ஒரு பென் டிரைவ். கொழும்பில் ஏதோ ஓர் அறையில் பதிந்த பெண் குரல். மூச்சு வாங்காமல், இருமாமல், கல்முனை பஸ்ஸையும் பதுளை பஸ்ஸையும் ஒரே சிரிப்போடு அனுப்பிவைக்கிறது. நடுவில் ‘வரலாற்றில் இன்று’ என்றும் ஒரு பகுதி வருகிறது. “இதெல்லாம் நீங்க தொடங்கினதுதானே அக்கா?” என்று வந்தவர்களில் ஒருவர் கேட்டார். தொடங்கியவர் வேறு ஆள். நான் நிறுத்தியவள். ஏன் நிறுத்தினேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். மலரில் போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

என் பெயர் விமலா. செங்கலடிப் பக்கத்தில்தான் பிறந்து வளர்ந்தேன். சாதாரண தரம் சித்தியடைந்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த காலத்தில், கோயில் திருவிழாவில் ஒரு தடவை மைக்கைப் பிடித்து, ‘செருப்பைத் தொலைத்தவர்கள் தேர் முட்டியடிக்கு வரவும்’ என்று அறிவித்தேன். அதைக் கேட்டுத்தான் மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். மாஸ்டர் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். பஸ் ஸ்டாண்டு மூலையில் ஒரு பலகைப் பெட்டிக்கடை வைத்து ஒலிபரப்புச் சேவை நடத்தினார். உள்ளே ஓர் அம்பிளிபயர், ஒரு மைக், கறண்ட் இல்லாத நாட்களுக்கு ஒரு கார் பற்றறி. அந்தக் காலத்தில் எல்லா நாளும் கறண்ட் இல்லாத நாள்தான். வெளியே வாகை மரக் கிளையில் ஒன்றும் விளக்குக் கம்பத்தில் ஒன்றுமாக இரண்டு கூம்பு ஸ்பீக்கர்கள்.

பொம்பிளைப் பிள்ளையை பஸ் ஸ்டாண்டு வேலைக்கு விடுவதா என்று ஊர் நாலு வாய் பேசியது. மாஸ்டர் என் அம்மாவிடம், “பிள்ளை பெட்டிக்குள்ள இருக்கும், குரல்தான் வெளியில நிக்கும்” என்றார். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மைக்கை விரலால் தட்டக் கூடாது, ஊதக் கூடாது. ‘வணக்கம்’ என்று சொல்லிவிட்டுச் சந்தை வாசலில் மீன் விற்கிறவளைப் பார்க்க வேண்டும். அவள் தலை நிமிர்ந்தால் சத்தம் காணும், காதைப் பொத்தினால் குறைக்க வேண்டும். காலையில் ஒரு பிள்ளையார் பாட்டு, ஓர் இஸ்லாமியப் பாட்டு, ஒரு மாதா பாட்டு. எது முதலில் என்பதை நாளுக்கு நாள் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பின்னேரத்துக்குள் யாராவது முறைப்பாட்டோடு வந்துவிடுவார்கள். மாஸ்டர் எதிர்த் தேத்தண்ணிக் கடையில் இருந்து, காதுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். பிழை விட்டால் தோளில் கிடக்கும் துவாயை உயர்த்துவார். ஏசமாட்டார். ஆனால் துவாய் உயர்ந்தால் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்காது.

மரண அறிவித்தலுக்கு அவர் வைத்திருந்த சட்டம் கடுமையானது. வீட்டு ஆள் ஒருவர் நேரில் வர வேண்டும். அந்த வீட்டைச் சேராத இன்னொருவரும் வந்து, தன் கண்ணால் கண்டதாகச் சொல்ல வேண்டும். நான் சேருவதற்கு முன்பு ஒரு தடவை, காணிச் சண்டையில் மச்சான்காரன் ஒருவன் உயிரோடு இருந்த மனிசனுக்கு அறிவித்தல் கொடுத்துவிட்டான். அந்த மனிசன் மீன் வாங்க வந்த இடத்தில் தன் சாவைத் தானே கேட்டாராம். மீனையும் போட்டுவிட்டு, வீட்டில் என்ன நடக்கிறதோ என்று ஓடினாராம். மாஸ்டர் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் முகம் மாறும். “நீ வாசிச்சா சனம் நம்பும் பிள்ளை. நீ வாசிச்சாப் புறகு செத்தவன் எழும்பி வந்து நிண்டாலும் சனம் உன்னத்தான் நம்பும்” என்பார். அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது.

காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கந்தோர் வேலைக்குப் போகிறவர்களும் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் ‘இன்றைய நாள்’ வரும். இதே தேதியில் முன்பு உலகத்தில் என்னென்ன நடந்தது என்று மூன்று நான்கு வரி. கலண்டர்த் தாளின் பின்பக்கம், பொது அறிவுப் புத்தகம், பழைய பஞ்சாங்கம் என்று கிடைத்ததை எல்லாம் வெட்டி மட்டையில் ஒட்டி, மாதத்துக்கு ஒரு பிஸ்கட் டின்னாக மாஸ்டர் அடுக்கி வைத்திருந்தார். ஒரே தேதியில் ஒரு ராசா முடிசூடுவார், ஒரு கப்பல் தாழும், ஒரு விஞ்ஞானி பிறப்பார். நூறு வருச இடைவெளியில், வேறு வேறு தேசத்தில், ஒருவரை ஒருவர் அறியாத ஆட்கள். தேதி ஒன்று என்பதற்காக எங்கள் வாகை மரத்தில் ஒன்றாகத் தொங்கினார்கள்.

எதை வாசிக்கலாம் என்பதற்கும் மாஸ்டரிடம் சட்டம் இருந்தது. “மூண்டு விசயம் பிள்ளை. கடலுக்கு அங்கால நடந்ததா இருக்கணும். அதில சம்பந்தப்பட்ட ஆக்கள் எல்லாரும் செத்திருக்கணும். முடிவு தெரிஞ்சதா இருக்கணும். முடிவு தெரியாதத வாசிக்காத.”

முதல் இரண்டும் அவர் பட்டுப் படித்தவை. தொடக்கத்தில் ஒரு நாள், உள்ளூரில் நடந்த ஒன்றை இரண்டே வரியில் வாசித்திருக்கிறார். அன்று பின்னேரமே வந்து அம்பிளிபயரையும் அவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வந்தார், அம்பிளிபயர் வரவில்லை. யார் வந்தார்கள் என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் எங்கள் சந்திக்கு வந்தவர்கள் எல்லோருமே தோளில் துவக்கோடுதான் வந்தார்கள். சட்டைதான் வேறு வேறு.

மூன்றாவது சட்டத்துக்கு மட்டும் வேறு காரணம் சொன்னார். “கேட்டுக்கொண்டு நிக்கிற சனம் பஸ் வந்தா ஏறிப் போயிரும். மிச்சத்த யாரிட்டப் போய்க் கேக்கிற? பாவமில்லையா?”

அவருக்கு மிகவும் பிடித்த மட்டை ஒன்று மாரிக் காலத்து டின்னில் இருந்தது. ‘இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதே நாளில், பிரான்ஸ் தேசத்தின் பாரிஸ் நகரில், மனிதர் இருவர் முதன்முறையாகப் பலூனில் ஏறிக் கட்டின்றி வானில் பறந்தனர். இருவரும் பத்திரமாகத் தரை இறங்கினர்.’ இதை வாசிக்கும்போது மட்டும் தேத்தண்ணிக் கடையில் இருந்து தலையாட்டுவார். கடல் தாண்டியது, ஆட்கள் எல்லோரும் செத்துவிட்டார்கள், முடிவும் நல்ல முடிவு.

அந்த பலூன் நாளில்தான் தெய்வானை அக்காவின் புருசனையும் கொண்டுபோனார்கள்.

அவ பதுளை ரோட்டால் உள்ளே போகும் ஓர் ஊர்க்காரி. ஊரின் பெயரை நான் எழுதவில்லை, தேதியையும் எழுதவில்லை. எந்தத் தேதியை எழுதினாலும் எங்கள் பக்கத்தில் அதே தேதிக்கு இன்னொரு வீடு இருக்கும். வயல் காவலுக்கு வட்டை என்கிற வயல்வெளியில் குடிலாக வாடி போட்டுக் கிடந்த ஆண்களை விடியலில் வந்து கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்களாம். அவவின் புருசன் தங்கராசா வாடியில் உலை வைத்தபடியே எழும்பிப் போனாராம். மகனுக்கு அப்போது பால்குடி வயது.

தெய்வானை அக்கா எருமைத் தயிர் விற்கிறவ. முட்டிகளை உமல்பையில் அடுக்கி முதல் பஸ்ஸில் வந்து, எங்கள் விளக்குக் கம்பத்தடியில்தான் இருப்பா. கம்பத்தில் ஸ்பீக்கர். நான் வாசித்ததெல்லாம் அவவின் தலைக்கு மேலேதான் விழும். ஆட்களைக் கொண்டுபோன கிழமையே பெட்டிக்கடை வாசலில் வந்து நின்றா.

“ஒரு அறிவித்தல் போடணும் தங்கச்சி. எங்கட ஆக்களக் கொண்டுபோயிற்றாங்க. ஆரும் கண்டா வந்து சொல்லச் சொல்லி.”

நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் ரோட்டைக் கடந்து வந்தார். நடுச் சந்தியில் சோதனைச் சாவடி இருந்தது. அதைத் திரும்பிப் பார்க்காமலே பார்த்தார்.

“மகள், நாய்க்குட்டி காணாமப் போனாப் போடுவன். பேர்ஸ் காணாமப் போனாப் போடுவன். இத இப்பப் போட ஏலா. அடுத்த வருசம் பாப்பம்” என்றார். என்னைப் பார்த்து, “பிள்ளை, அவவுக்கு ஒரு பிளேன்டி சொல்லு” என்றார்.

அடுத்த வருசமும் அதே நாளில் வந்தா. நான் பலூனை வாசித்து முடித்திருந்தேன். “ரெண்டு பேரும் மேல போய் இறங்கிற்றாங்க. நல்லம். அதுக்குப் புறகால எங்கட ஆக்களயும் ஒரு வரி வாசிச்சா என்ன குறைஞ்சிரும்?” என்று கேட்டா. மாஸ்டருக்கு மனசு கேட்கவில்லை. “அப்ப நினைவஞ்சலியா ஒண்டு போடுவம் மகள். பேரை மட்டும் சொல்லுவம்” என்றார். தெய்வானை அக்காவுக்கு வந்த கோபத்தை அன்றுதான் கண்டேன்.

“அது செத்த ஆக்களுக்குப் போடுறது. நீங்க கண்டிங்களா செத்தத? உங்கட சட்டப்படி ரெண்டு பேர் வந்து சொல்லணுமெல்லா? ஆர் வந்து சொன்ன?”

மாஸ்டர் தேத்தண்ணிக் கடைப் பக்கம் கையைக் காட்டினார். மறுபடியும் பிளேன்டி. மறுபடியும் அடுத்த வருசம் பாப்பம்.

இப்படியே போனது. அந்த நாள் வரும், பலூன் பறக்கும், இருவரும் இறங்குவார்கள், தெய்வானை அக்கா எழும்பி வந்து கேட்பா, மாஸ்டர் தேத்தண்ணி சொல்லுவார். அவர் வேறு எதையும் அவவுக்குச் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். ஒரு வருசம்கூட அவவைத் துரத்தவில்லை. மற்ற இடங்களில் துரத்தினார்கள். முகாம், கந்தோர், அரசாங்க அதிபர் இருக்கிற கச்சேரி என்று அவ ஏறி இறங்காத படி இல்லை. ஒரு படியில் ‘இஞ்ச இல்லை’ என்றார்கள், அடுத்த படியில் ‘இருந்தா வருவார்’ என்றார்கள்.

ஒரு மாரியில் எழுபத்தெட்டுச் சூறாவளியை வாசித்தேன். அது உள்ளூர்ச் சங்கதிதான், ஆனால் மாஸ்டர் அனுமதித்தார். தெய்வானை அக்கா தயிர் முட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தா. “இதென்ன நியாயம் மாஸ்டர்? சூறாவளிய வாசிக்கிறியள். அது பாரிசிலயா அடிச்ச?”

“காத்து துவக்கோட திரும்பி வராது மகள்” என்றார் மாஸ்டர். அவவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். 

சுனாமி வந்த நாளையும் சொல்ல வேண்டும். எங்கள் சந்திக்குத் தண்ணீர் வரவில்லை, ஆட்கள் வந்தார்கள். உடுத்த உடுப்போடு கரையோர ஊர்களில் இருந்து வந்தவர்கள் பெட்டிக்கடையைச் சுற்றி நின்று பெயர்களைக் கத்தினார்கள். நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். குரல் போன பிறகு மாஸ்டர் வாசித்தார். இரண்டு பேர் வந்து சொல்ல வேண்டும் என்ற சட்டமெல்லாம் அன்று எங்கே போனதோ தெரியாது. அடுத்த மார்கழியில் அவர் டின்னைத் திறந்து, அந்தத் தேதிக்கு இருந்த ராசாக்களையும் விஞ்ஞானிகளையும் வெளியே எடுத்துக் கிழித்துப் போட்டார். “இனி இந்த நாளில வேற ஒண்டும் நடக்கல்ல பிள்ளை” என்றார்.

கடல் கொண்டுபோனவர்களில் பாதிப் பேரின் உடல் கிடைக்கவில்லை. ஆனாலும் பெண்கள் பொட்டை அழித்தார்கள், முப்பத்தோராம் நாள் சடங்கு செய்தார்கள், அழுது முடித்தார்கள். தெய்வானை அக்கா கம்பத்தடியில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தா. ஒரு நாள் என்னிடம் மெதுவாகச் சொன்னா: “அவளுகளுக்குக் காட்டுறதுக்குக் கடல் கிடக்கு. எனக்கு என்ன கிடக்கு தங்கச்சி?”  அவவின் நெற்றியில் அன்றும் பொட்டு இருந்தது. காலையில் முட்டி அடுக்குவதற்கு முன் வைக்கிற பொட்டு.

சண்டை முடியும் காலத்தில் மாஸ்டருக்கு வாதம் வந்து பேச்சு நின்றது. பார்க்கப் போனால் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக் காட்டுவார், நான் அன்று வாசித்ததைச் சொல்ல வேண்டும். சொல்லுவேன். பிறகு அவரும் போய்விட்டார். அவருடைய அறிவித்தலை நானே வாசித்தேன், இரண்டு பேரை வரவழைத்துக் கேட்டுவிட்டுத்தான் வாசித்தேன். மட்டக்களப்பு டவுனில் இருந்த அவருடைய மகன், நடத்துகிற வரைக்கும் நடத்துங்கள் அக்கா என்று சாவியை என்னிடமே விட்டார். துவாய் உயர்த்த ஆளில்லை. சோதனைச் சாவடியும் சந்தியை விட்டுப் போயிருந்தது.

ஆனால் தெய்வானை அக்கா கேட்பதை நிறுத்திவிட்டா. அந்த நாள் வந்து போனது, அவ எழும்பி வரவில்லை. எனக்கு அது கேட்டதைவிடக் கூடுதலாக உறுத்தியது. சில வருசம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு மாரியில், அந்த நாளுக்கு ஒரு கிழமை முன்பே நானே கம்பத்தடிக்குப் போனேன்.

“அக்கா, இந்த முறை வாசிக்கவா?”

அவ முட்டியின் வாய்த்துணியைக் கட்டிக்கொண்டே இருந்தா. பிறகு, நான் கேட்காத ஒன்றைச் சொன்னா.

“ஆடி அமாவாசைக்கு மகன் ஒவ்வொரு வருசமும் கேக்கிறான். தகப்பன் செத்த பொடியனுகள் எல்லாரும் விரதம் பிடிச்சு மாமாங்கத்துக்குத் தீர்த்தமாடப் போறாங்க. இவன் வீட்டுல குந்திக்கொண்டு, அம்மா, நான் பிடிக்கவா விடவா எண்டு கேக்கிறான். பிடிச்சா அப்பாவ நாங்களே சாக்காட்டின மாதிரி. பிடிக்காட்டி, அவர் செத்திருந்தா, இந்தளவு காலமும் தண்ணி வென்னி இல்லாமக் கிடக்கிறார். அவனுக்கும் இப்ப ஒரு பிள்ளை இருக்கு. நான் என்ன சொல்ற?”

“கச்சேரியில ஒரு தாள் குடுக்கிறாங்களாமே அக்கா.”

“குடுக்கிறாங்க. என்ட ஆள் செத்திற்றார் எண்டு நான் கையெழுத்து வைக்கணுமாம். நான் எப்பிடிக் கா வைக்கிற? கொண்டுபோனவன் சொல்லட்டும். இல்லாட்டி நாட்டை ஆளுறவன் சொல்லட்டும். பொண்டாட்டியா சொல்ற?”

அவவுக்கு வேண்டியது என்ன என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை வருசமும் ஒரு ஞாபகார்த்தம் கேட்கிறா என்றுதான் நினைத்திருந்தேன். அவவின் புருசனைப் பற்றி அவவுக்கு எல்லோரும் தெரியாது தெரியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். தெரியும் என்று ஒரு குரல், நாலு பேர் கேட்க, வெளியில் சொல்ல வேண்டும். தானாகச் சொல்லிக்கொண்டால் அது துரோகம்.

அன்று வீட்டில் இருந்து எழுதிப் பார்த்தேன். மாஸ்டரின் முதல் இரண்டு சட்டமும் இப்போது என்னைத் தடுக்கவில்லை. மூன்றாவதுதான் நெஞ்சில் ஏறி நின்றது. முடிவு? நான் எழுதிக்கொண்டு போய்க் காட்டிய கடைசி வரி, ‘அவர்கள் இதுவரை திரும்பி வரவில்லை’. அதுதான் உண்மை, அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. வாசித்துக் காட்டினேன். தெய்வானை அக்கா கடைசி வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னா.

“அந்த ‘இதுவரை’ய எடு.”

“அக்கா…”

“எடு தங்கச்சி. அதுக்குள்ளதானே நான் இவ்வளவு காலமும் கிடக்கிறன்.”

“நான் கண்டனா அக்கா? எனக்கு என்ன தெரியும்?”

“நீ பிழையா ஒண்டும் வாசிச்சதில்ல. பஸ்ஸையும் சரியாச் சொன்ன, சாவையும் சரியாச் சொன்ன. நீ சொன்னா எனக்குக் காணும். பலூன வாசிச்சிற்று, அதுக்குப் புறகு வாசி. பலூனுக்குத்தான் சனம் காது குடுக்கும்.”

அந்தக் காலையில் மழை விட்டிருந்தது. பாட்டுக்கள் முடிந்தன. மைக்கைத் திறந்தேன். பாரிஸ் நகரில் மனிதர் இருவர் பலூனில் ஏறினார்கள், வழக்கம்போலப் பத்திரமாகத் தரை இறங்கினார்கள். பிறகு வாசித்தேன். ‘முன்னொரு மாரியில் இதே நாளில், நமது பிரதேசத்தில், வயல் காவலுக்குச் சென்றிருந்த ஆண்கள் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் தங்கராசா என்பவரும் ஒருவர். அவர்கள் திரும்பி வரவில்லை.’ யார் கொண்டுபோனார்கள் என்பதை அன்றும் நான் சொல்லவில்லை. சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். பயம் முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். கல்முனை பஸ் வந்தது, சனம் முண்டியடித்து ஏறியது. பெட்டிக்கடை யன்னலால் கம்பத்தடியைப் பார்த்தேன். தெய்வானை அக்கா சேலைத் தலைப்பைக் குடிக்க வைத்திருந்த தண்ணீரில் நனைத்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தா. அழவில்லை. ஒரு தடவை துடைத்துவிட்டு, பொட்டுப் போகவில்லை போல, மறுபடியும் துடைத்தா. அந்த நேரம் ஒருவர் வந்து தயிர் விலை கேட்டார். விலை சொல்லி, முட்டியை எடுத்துக் கொடுத்தா. மிச்சம் எல்லாம் விற்றுமுடியும் வரைக்கும் அங்கேதான் இருந்தா. போகும்போது யன்னலடிக்கு வந்து, “இனி மகன் விரதம் பிடிக்கலாம்” என்றா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீ ஏன் கா அழுற?” என்றா.

ஏன் அழுதேன்? ஆத்திரத்தில் அழுதேன். இந்த நாட்டில் எத்தனை கதிரைகள், எத்தனை மேசைகள், எத்தனை சீல்கள். அவவின் புருசன் இல்லை என்பதைச் சொல்ல ஒரு கதிரைக்கும் வாய் வரவில்லை. கடைசியில் சொன்னது விளக்குக் கம்பத்தில் தொங்கின ஒரு ஸ்பீக்கர். அதற்குள் இருந்து பேசினவளுக்கு வட்டையும் தெரியாது, வாடியும் தெரியாது, அந்த மனிசன் எந்த மண்ணில் கிடக்கிறார் என்றும் தெரியாது. அவ கேட்ட ஒன்றைக் கொடுத்துவிட்டேன் என்று மனசு ஆறவேயில்லை. இன்றைக்கும் ஆறவில்லை.

அன்று பின்னேரம் ஜப்பார் நானா வந்தார். ஏறாவூர்க்காரர், பெட்டிக்கடைக்குப் பக்கத்தில் உடுக்கிற சாரம், கூடாரப் படங்கு விற்கிறவர். நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து பக்கத்துக் கடை. கடையைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கையில் வைத்தபடி நின்றார்.

“தங்கச்சி, காலையில வாசிச்சது கேட்ட. ஒண்டு செல்லணும். இதே நாளிலதான் எங்கட தம்பியும் சாரம் ஏத்திக்கிட்டு லொறியில பதுளைக்குப் போன. வருசம் வேற, நாள் இதேதான். லொறியும் வரல்ல, அவனும் வரல்ல. மௌத்தா ஹயாத்தா எண்டு இண்டைக்கும் தெரியா.”

 அவருடைய தம்பியைக் கொண்டுபோனவர்கள் யாராக இருந்திருப்பார்கள் என்று இருவருக்கும் தெரியும். தெய்வானை அக்காவின் புருசனைக் கொண்டுபோனவர்கள் அல்லர் அவர்கள், வேறு சட்டைக்காரர்கள்.

“நானா, இத்தன வருசமா பக்கத்துக் கடையில இருந்துகொண்டு ஏன் சொல்லல்ல?”

“என்னத்தச் செல்ற? நீங்க அண்டைக்கு பலூன் வாசிப்பீங்க. ரெண்டு பேரும் சுகமா எறங்கின எண்டு முடிப்பீங்க. நல்லா இரிக்கும் தங்கச்சி, கேக்க. வருசத்துக்கு ஒருக்கா அத மட்டும் கேட்டுப்போட்டு வேலையப் பாப்பன்.”

“அடுத்த வருசம் தம்பியையும் வாசிக்கவா?”

அவர் உடனே தலையை ஆட்டினார். “வேணாம். உம்மா இன்னும் இருக்கா. அவவுக்குக் காது நல்லாக் கேக்கும்.” இவ்வளவையும் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்த நாளில் அவர் கடை திறந்ததில்லை. 

ஒரே தேதி, இரண்டு வீடு. ஒருத்திக்கு முடிவு வேண்டும், மற்ற வீட்டில் அதே முடிவு ஒரு கிழவியைக் கொன்றுவிடும். இரண்டுக்கும் ஒரே ஸ்பீக்கர். மாஸ்டர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று பல தடவை யோசித்துவிட்டேன். தேத்தண்ணி சொல்லியிருப்பார், வேறொன்றும் செய்திருக்க மாட்டார். அதுவே சரியாக இருந்திருக்குமோ என்றும் நினைக்கிறேன், நினைத்துவிட்டு, அப்படி நினைத்ததற்காக என்னையே ஏசுகிறேன்.

நான் வயது போய் ஓய்வுபெற்றேன் என்று மலர்க் குழுவினர் போடுவார்கள். போடட்டும். குரல் நன்றாகத்தான் இருந்தது, இன்னும் பத்து வருசம் வாசித்திருப்பேன். நான் வேலையை விட்டது, அப்படி வாசித்ததற்கு அடுத்த வாரம் நடந்ததால்.

காலைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிக்கடை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். என்னைவிட இளையவள், முன்பின் கண்டதில்லை. கடைசி வட்டைக்கும் அங்கால் இருக்கும் ஊர் ஒன்றைச் சொன்னாள். பஸ் விபரம் கேட்க வந்தவள் என்று நினைத்துச் சத்தத்தைக் குறைத்தேன்.

“அக்கா, எங்கட நாளையும் ஒருக்கா வாசிக்கணும்.”

தேதியைச் சொன்னாள். அந்தத் தேதிக்கு டின்னில் ஏதோ ஒரு தேசத்துச் சக்கரவர்த்தி இருந்தார். கையில் எடுத்த மட்டையை வைத்துக்கொண்டே கேட்டேன்.

“கடைசி வரியில என்னத்த வாசிக்கிற தங்கச்சி? உங்கட ஆளுக்கு என்ன நடந்ததெண்டு தெரியுமா?”

“எனக்குத் தெரியா. அதுக்குத்தானே வந்த” என்றாள். “உங்களுக்குத் தெரியுமாம். தெய்வானை அக்கா சொன்னா.”

அவளுக்குப் பின்னால், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற வாங்கில் இன்னும் இரண்டு பெண்கள் பொட்டோடு இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதுளை பஸ் வந்தது, கல்முனை பஸ் வந்தது, மட்டக்களப்பு பஸ்ஸும் வந்து போனது. அவர்கள் ஒன்றிலும் ஏறவில்லை.